பாட்காஸ்ட் தொடங்க எது தேவை? வரலாறு சொல்லும் கணக்கு

பாட்காஸ்ட் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். அடுத்தது, "எந்த மென்பொருள் நல்லது?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் பாட்காஸ்டின் கதையை ஆரம்பத்திலிருந்து புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் இதில் இறங்கியவர்களுக்கு மைக் பெரிய பிரச்சினையாக இல்லை. பேசியதைக் கேட்பவரிடம் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது!

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். சிடி தரத்தில் அரை மணி நேரம் பதிவு செய்தால் கோப்பு சுமார் 317 மெகாபைட் வரும். அதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சுருக்கினால் 14.4 மெகாபைட். இவ்வளவு சுருக்கியும், 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினால்கூட தரவிறக்க 34 நிமிடம் ஆகும். அதாவது, நிகழ்ச்சியைக் கேட்கும் நேரத்தைவிட அதற்காகக் காத்திருக்கும் நேரம் அதிகம். யார் காத்திருப்பார்கள்?

ஓடையில் வந்த ஒலி

இதற்கு வழி சொன்னவர் ஆடம் கரி. எம்டிவியில் நிகழ்ச்சி நடத்திப் புகழ் பெற்றவர். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் கணினி தானாகவே கோப்பை இறக்கி வைத்துவிட்டால், கேட்பவர் காத்திருக்கவே வேண்டாமே என்பது அவருடைய யோசனை. 2000ஆம் ஆண்டில் இதை மென்பொருள் வல்லுநர் டேவ் வைனரிடம் சொன்னார். வைனர் அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் 0.92 செய்தியோடையில் 'என்க்ளோஷர்' என்ற சிறு குறியைச் சேர்த்தார். கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை.. இந்த மூன்றை மட்டும் சொல்லும் ஒரு வரி. பாட்காஸ்ட் என்ற மாளிகைக்கு அஸ்திவாரம் இந்த ஒரு வரிதான் என்றால் பாருங்களேன்!

2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் 399 டாலர் விலையில் வந்தது. 2003 ஜூலையில், முன்னாள் வானொலிக்காரரான கிறிஸ்டோபர் லைடன், கையில் தூக்கிச் செல்லும் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வைனரைப் பேட்டி கண்டு வலையில் ஏற்றினார். 2004 பிப்ரவரியில் 'தி கார்டியன்' இதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் எட்டிப் பார்த்தது. அதே ஆகஸ்டில் ஆடம் கரி 'டெய்லி சோர்ஸ் கோட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

மென்பொருள்: இலவசமாக வந்த ஸ்டூடியோ

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய மென்பொருள் ஆடாசிட்டி. 2000 மே மாதம் வெளியானது. கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவு செய்யலாம், வெட்டலாம், ஒட்டலாம், இரைச்சலைக் குறைக்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எம்பி3 மீது காப்புரிமைகள் இருந்ததால், அந்த வடிவில் சேமிக்க 'லேம்' என்ற நிரலைத் தனியாகத் தேடி இறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் விழிபிதுங்கி நின்ற இடம் இது. எம்பி3 உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது. 2019இல் லேம் ஆடாசிட்டிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 2004 ஜனவரியில் கராஜ்பேண்ட் வந்தது. இசை அமைப்பதற்காக வந்த மென்பொருள்தான், ஆனால் 2006இல் பாட்காஸ்டுக்கென்றே தனி வசதிகளைச் சேர்த்தார்கள்.

மைக்: மேடையிலிருந்து மேசைக்கு

பாட்காஸ்டர்கள் கொண்டாடும் மைக்குகள் பாட்காஸ்டை விட வயதில் மூத்தவை. மேடைப் பாடகர்கள் கையில் காணும் ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல். வானொலி அறைகளில் புகழ் பெற்ற எஸ்எம்7 வந்தது 1973இல். இவை டைனமிக் வகை. வாய்க்கு அருகே வைத்துப் பேச வேண்டும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. கண்டென்சர் வகை நுணுக்கமானது, ஆனால் மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரை எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடும். ஒலித்தடுப்பு இல்லாத சாதாரண அறைக்கு டைனமிக்தான் பாதுகாப்பு.

இந்தப் பழைய மைக்குகளைக் கணினியில் செருக இடையில் ஒரு இன்டர்ஃபேஸ் கருவி வேண்டும். அந்த வேலையை மைக்குக்குள்ளேயே அடக்கியவை யுஎஸ்பி மைக்குகள். 2009இல் வந்த புளூ நிறுவனத்தின் 'யெட்டி' இவற்றில் மிகவும் பிரபலம். இன்று யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் உள்ள டைனமிக் மைக்குகளும் கிடைக்கின்றன. இன்று கணினியில் நேராகச் செருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் உதவும்.

உண்மையான செலவு எங்கே?

வணிகவியல் படிப்பவர்களுக்கு நிலைச் செலவு, மாறும் செலவு பற்றிச் சொல்லத் தேவையில்லை. மைக் நிலைச் செலவு. கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் ஒரே மைக்தான். ஆனால் 14.4 மெகாபைட் கோப்பை ஆயிரம் பேர் இறக்கினால் 14.4 ஜிகாபைட் போக்குவரத்து. அளவுக்குக் கட்டணம் வாங்கும் வழங்கியில் இது மாறும் செலவு. நிகழ்ச்சி வெற்றி பெறப் பெற, நடத்துபவர் நஷ்டப்படுவார்! விளம்பர வருமானமும் இல்லாத காலம் அது.

2004இல் தொடங்கிய லிப்சின் நிறுவனம் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டியது. எத்தனை பேர் இறக்குகிறார்கள் என்று பார்க்காமல், மாதம் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பதற்குக் கட்டணம் வைத்தது. மாறும் செலவு நிலைச் செலவாகிவிட்டது. சாமானியர்கள் துணிந்து இறங்க எந்த மைக்கும் செய்யாத உதவி இது.

2005 ஜூனில் ஐடியூன்ஸ் 4.9 பாட்காஸ்ட் பட்டியலுடன் வந்தது. இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள்! அதே ஆண்டு பாட்காஸ்ட் சேவையாகத் தொடங்கிய ஓடியோ நிறுவனத்துக்கு அது பேரிடி. வேறு தொழில் தேடிய அந்த நிறுவனத்துக்குள் 2006இல் பிறந்ததுதான் ட்விட்டர்.

சேவைகள் வரும், போகும்

கருவி எளிமையாக இருந்தால் போதும் என்பதற்கு நல்ல சாட்சி மார்க் மாரன். 2009இல் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சிக்கு, 2015 ஜூனில் அமெரிக்க அதிபர் ஒபாமாவே வந்தார். பேட்டி நடந்தது லாஸ் ஏஞ்சலிஸில் மாரன் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில்.

2019இல் ஸ்பாட்டிஃபை, கைபேசியிலேயே பதிவு செய்து இலவசமாக வெளியிட உதவிய 'ஆங்கர்' நிறுவனத்தை வாங்கியது. 2023இல் ஆங்கர் என்ற பெயரே மறைந்தது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. ஆனால் அதில் கேட்டுக் கொண்டிருந்தவர்கள் வேறு செயலிக்குப் போய் அதே நிகழ்ச்சிகளைத் தொடர முடிந்தது. காரணம், 2000ஆம் ஆண்டின் அந்தத் திறந்த ஓடை. அது எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. ஒரே செயலியில் மட்டும் வெளியிடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடை மூடினால் வாடிக்கையாளரும் போய்விடுவார்.

எனவே புதிதாகத் தொடங்குபவர் கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. ஓடை யார் கையில் இருக்கும்? வேறு இடத்துக்கு மாறினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட அந்தச் சேவை அனுமதிக்குமா? இவற்றை முதலில் கேட்க வேண்டும். பிறகு சத்தமில்லாத ஒரு அறை, திரைச்சீலையும் துணிமணியும் நிறைந்ததாக இருந்தால் எதிரொலி குறையும். பிறகு ஆடாசிட்டி, செலவே இல்லை. கடைசியாக, கையிலிருக்கும் காசுக்கு ஏற்ற ஒரு டைனமிக் மைக்.

மைக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஓடையைத் தொலைத்தால், சேர்த்த நேயர்களை மறுபடி ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.