நாடக மேடை வளர்த்த இசைக்குரல்

குருண் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியாயினும் கொழும்பு நகரப் பள்ளியாயினும், ஆத்திசூடி ஓதும் தமிழ்ப் பிள்ளைக்கு ஔவையார் என்றதும் நெஞ்சில் தோன்றுவது வெண்ணீறும் ஊன்றுகோலும் உடைய மூதாட்டியின் வடிவமேயாகும். அவ்வடிவத்திற்குத் திரையில் உயிரூட்டியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 1953 இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ வெளிவந்தபோது அவருக்கு அகவை 45 நிறையவில்லை. எனினும் அக்குரலை ஆக்கியது திரைப்படம் அன்று. நாடக மேடையே ஆகும்.

மேலைநாட்டில் ‘ஓபரா’ எனப்படும் இசைநாடகம் 1600 ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் தோன்றியது. அதில் பெண்டிரின் மிக உயர்ந்த குரல்வகையைச் ‘சொப்ரானோ’ என்பர். ஒலிபெருக்கியின் துணையின்றிப் பல்லியத்தின் முழக்கத்தைக் கடந்து அக்குரல் அரங்கின் கடைசி வரிசையை எட்டவேண்டும். சங்கரதாசு சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் நடைபெற்ற தமிழ் மேடையும் இத்தகைய ஆற்றலையே வேண்டிற்று. விடிய விடிய நடைபெறும் கூத்து. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கவாத்தியம். திறந்த கொட்டகையில் தரையில் அமர்ந்த பெருங்கூட்டம். ஏறிய சுருதியில் பாட இயலாதவர் அங்கு நிலைபெற இயலாது. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பதிலோ, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடிப் பாட்டாலும் வாதத்தாலும் போட்டியிடுவர்.

1908 இல் பிறந்த சுந்தராம்பாள், வறுமை காரணமாகச் சிறுமிப் பருவத்திலேயே வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் சிறுவன் வேடம் ஏற்றார். பின்னர் இலங்கை மேடைகளில் பெரும்புகழ் பெற்றார். அங்கு அவருடன் நடிக்க வந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவரும் மேல்தாயியில் தங்குதடையின்றி உலவும் குரலினர். 1927 இல் இருவரும் மணம் புரிந்தனர். ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இருவர் பாட்டும் எதிரெதிர் நின்று வளர்ந்தன.

1933 டிசம்பரில் கிட்டப்பா தம் 27 ஆம் அகவையில் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது அகவை 25. வெள்ளுடை பூண்ட அவர், இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். நாடக நடிகைக்கு இணை நடிகரே வாழ்வு. ஆதலின் அவ்வுறுதி தம் தொழிலையே துறப்பதற்கு ஒப்பாயிற்று. எஞ்சியது குரல் ஒன்றே. அக்குரலை அவர் கச்சேரி மேடைக்கும் நாட்டு விடுதலைக் கூட்டங்களுக்கும் கொண்டு சென்றார். 1935 இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாரையே ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அது அந்நாளில் எவரும் வியக்கும் தொகை. பின்னர் ஏற்ற ஔவையாரும், ‘பூம்புகார்’ (1964) படத்தின் கவுந்தியடிகளும் துறவுக்கோலம் பூண்ட பாத்திரங்களே. உறுதி அவரை ஒடுக்கவில்லை; புதுவழியில் செலுத்தியது.

இங்கு ஆசிரியர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே மேலோங்கியிருந்த காலம் அது. தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டிச் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943 இல். அதற்குப் பல்லாண்டு முன்பே, எழுத்தறியாத உழவரும் தொழிலாளரும் இரவெல்லாம் தமிழ்ப் பாட்டைக் கேட்டது நாடகக் கொட்டகையில்தான். கதையும் பொருளும் விளங்கவேண்டுமாயின் சொல் விளங்கவேண்டும். சுந்தராம்பாளின் பாட்டில் சுருதி எவ்வளவு ஏறினும் லகர, ளகர, ழகரங்கள் மயங்காமல் ஒலிப்பது அம்மேடைப் பயிற்சியின் பயனேயாகும்.

நாடகக்காரர் என்றால் இழிவாக எண்ணிய சமுதாயம் பின்னர் அவரை ஏற்றுப் போற்றியது. 1951 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். 1966 இல் தமிழிசைச் சங்கத்தின் ‘இசைப் பேரறிஞர்’. 1970 இல் பத்மஸ்ரீ. ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969 ஆம் ஆண்டின் தேசிய விருதும் அவருக்குக் கிட்டியது. 1980 இல் அவர் மறைந்தார்.

இசை வரலாறு எழுதுவோர் சபாக்களையும் வித்துவான்களையும் விரித்துரைத்து, நாடக மேடையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதுண்டு. தமிழிசைச் சங்கம் சுந்தராம்பாளுக்கு அளித்த பட்டம், அவரை ஆளாக்கிய அந்தக் கொட்டகைக்கும் உரியது. அதனை விடுத்து எழுதப்படும் தமிழிசை வரலாறு முழுமை பெறாது.