பாம்பாற்றின் தலைமாட்டில் பாதரசம்

காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி ஒரு காலத்தில் சென்னை மேற்கு மாம்பலம் வீடுகளின் மருந்து அலமாரியில் சாதாரணப் பொருளாக இருந்ததெனினும், அக்கருவியைச் செய்யும் தொழில் ஓர் ஆற்றின் தலைப்பகுதியை என்ன செய்யும் என்பதைத் தமிழகம் கொடைக்கானலில்தான் அறிந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய ஆலை பெயர்க்கப்பட்டு, 1983இல் பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் இங்கே வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. ஆலையின் பின்புறச் சரிவு, மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டும் மலைக்காடான பாம்பாறு சோலைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து பாம்பாறு கும்பக்கரை அருவி வழியே வைகைப் படுகையை அடைகிறது. நீரடிச் சேற்றை எட்டும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் திரண்டு உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956இல் வெளிப்பட்ட நோயே சான்று. ஆலை வந்ததோ அதற்கு 27 ஆண்டுகள் கழித்து.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடையில் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு இருப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தியபின் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நிறுவனத்துக்கும் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் இடையிலான உடன்பாடு 2016 வரை காத்திருந்தது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற தூய்மைப்படுத்தும் அளவுகோலை, நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அது மிகவும் தளர்வானது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தனர். அவர்கள் வாதமே வலுவானது.