பல் மிஸ்ஸி

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் என் பெரியம்மாவை எல்லாரும் ‘பல் மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் படிவம் முடித்து, ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறிப் பினாங்கில் பயிற்சி எடுத்தவர். ஜொகூரிலிருந்து ஏன் அவ்வளவு தூரம் என்றால், “வேற எங்கடா இருந்துச்சு?” என்பார்.

முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் சொத்தைப் பற்களைப் பார்த்து மிரண்ட நியூசிலாந்து, 1921இல் பெண்களுக்குப் பல் அடைக்கவும் பிடுங்கவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1929 முதல் பல் மருத்துவம் படிக்க முடிந்தாலும், மலாயாப் பள்ளிகளுக்கு டாக்டர்கள் போதவில்லை. 1949இல் அதே நியூசிலாந்து முறை பினாங்குக்கு வந்தது. டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் வேலை வேறு. இது தன் கையாலேயே செய்வது.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பெரியவர்கள் வாயில் கை வைக்கக்கூடாது. பொறியாளன் என்பதால், யார் எதில் கையெழுத்துப் போடலாம் என்ற வரம்பின் நியாயம் எனக்கும் புரியும். இருந்தாலும் பாட்டிக்குக் கடைவாய்ப்பல் வலித்த அந்த இரவு மறக்கவில்லை. பெரியம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கிராம்பை நசுக்கி வைத்தார்.

“புடுங்கிடேன்டி,” என்றார் பாட்டி.

“நீ ஸ்கூல் புள்ளயா இருந்தா புடுங்கியிருப்பேன்மா.”