ஆறரை அங்குலச் சண்டை

மெல்பேர்னில் வளர்ந்த எனக்கு பி பிளேட் கிடைத்தபோது வயது 18. சிட்னியில் இருக்கும் என் மச்சாள் 17 வயதிலேயே தனியாகக் கார் ஓட்டித் திரிந்தாள். எல் பிளேட்டோடு அவள் மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. எங்களுக்கு அப்படி ஒரு தனி எல்லை இல்லை. ஒரே நாடு, ஒரே கடவுச்சீட்டு, ஆனால் மறே ஆற்றைத் தாண்டினால் விதி வேறு. "கன்பரா ஒரு சட்டம் போட்டால் முடிந்தது தானே?" என்று நீங்கள் கேட்கலாம். கன்பராவுக்கு அந்த அதிகாரம் இல்லை. இது எப்படி வந்தது என்று அறிய, கார்களுக்கு முன்னால் ஓடிய ரயிலிடம் போக வேண்டும்.

அவுஸ்திரேலியா ஒரு நாடானது 1901இல். ரயில் ஓடத் தொடங்கியது 1850களில். அப்போது நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா எல்லாம் தனித்தனிக் குடியேற்றங்கள். ஒவ்வொன்றும் லண்டனோடு நேரடியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி 8½ அங்குலம் இருக்கட்டும் என்பது லண்டனின் ஆலோசனை. சிட்னிக் கம்பனியின் பொறியியலாளர் ஷீல்ட்ஸ் ஓர் அயர்லாந்துக்காரர். அயர்லாந்தில் உள்ளதுபோல 5 அடி 3 அங்குலமே நல்லது என்று அவர் சொல்ல, எல்லோரும் சம்மதித்தார்கள். பிறகு கம்பனி அவருடைய சம்பளத்தைக் குறைத்தது. மனிதர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த வாலஸ் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்குப் பழைய 4 அடி 8½ அங்குலம்தான் வேண்டும். சிட்னி மறுபடி மனம் மாறியது. ஆனால் விக்டோரியாவின் கம்பனிகள் அதற்குள் அகலப் பாதைக்கான வண்டிகளுக்கு ஓர்டர் கொடுத்துவிட்டன. அவர்கள் மாற மறுத்தார்கள்.

வித்தியாசம் ஆறரை அங்குலம். ஒரு சாண்கூட இல்லை!

பொறியியலாளர்களின் பிடிவாதம் என்றுதான் பல இடங்களில் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மனம் மாறினால் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒரு மேசை இருக்கவில்லை. கடிதம் போனது, மறுப்பு வந்தது, அவ்வளவுதான். செலவைக் குறைக்க நினைத்த குயின்ஸ்லாந்து 1865இல் இன்னும் ஒடுக்கமாக 3 அடி 6 அங்குலத்தில் பாதை போட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவும் அதையே எடுத்துக்கொண்டது.

1883இல் சிட்னிப் பாதையும் மெல்பேர்ன் பாதையும் எல்லையில் சந்தித்தன. சந்தித்தன என்று சொல்லலாமே தவிர, இணையவில்லை. ஆல்பரி ஸ்டேஷனில் பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி மற்ற ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே மேடை அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். 1917இல் பாலைவனத்தைக் கடக்கும் பாதையும் திறந்த பிறகு, பிரிஸ்பேனிலிருந்து பேர்த்துக்கு ரயிலில் போகிறவர் வலங்கரா, ஆல்பரி, டெரோவி, போர்ட் ஒகஸ்டா, கல்கூர்லி என்று ஐந்து இடங்களில் பாதையின் அகலம் மாறுவதால் இறங்கி ஏறினார். இரண்டாம் உலகப் போரில் படையினரும் படைக்கான சாமான்களும் இப்படித்தான் போனார்கள். ஒவ்வொரு பெட்டியையும் ஆட்கள் கையால் இறக்கி ஏற்றினார்கள்.

1901இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இதைத் தீர்க்கவில்லையா? இல்லை. ரயிலை மாநிலங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாநிலம் சம்மதித்தால் மட்டுமே மத்திய அரசு அதன் ரயிலை எடுக்கலாம். 1945இல் ஹெரல்ட் கிளாப் என்ற ரயில்வே நிர்வாகி நாடு முழுவதும் ஒரே அகலம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தானது. நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் அதை உறுதிப்படுத்தவில்லை. அமைச்சர் போட்ட கையெழுத்து ஊருக்குத் திரும்பியதும் செல்லாமல் போகலாம். இந்தக் கதையில் இது முக்கியமான இடம், மறக்க வேண்டாம்.

அதே 1946இல்தான் மத்திய, மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் கூடும் அவுஸ்திரேலியப் போக்குவரத்து ஆலோசனைச் சபை உருவானது. பெயரிலேயே 'ஆலோசனை' இருப்பதைப் பாருங்கள். 1993இல் அந்தச் சொல்லைக் கழற்றினார்கள். பிறகும் சில தடவை பெயர் மாறியது. எந்தப் பெயரிலும் சபைக்குச் சட்டம் போடும் அதிகாரம் வரவில்லை. முதலில் அதிகாரிகள் மாதக்கணக்கில் வாதாடுவார்கள். மாதிரிச் சட்டம் ஒன்று எழுதப்படும். 2003இலிருந்து இந்த வேலைக்கென்றே தேசியப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அமைச்சர்கள் வாக்களிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் ஊருக்குப் போய்த் தன் நாடாளுமன்றத்தைச் சம்மதிக்கவைக்க வேண்டும்.

1999இல் அவுஸ்திரேலிய வீதி விதிகள் இந்த வழியில்தான் வந்தன. அந்தப் புத்தகம் தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமாக்கியது, அங்கங்கே கொஞ்சம் மாற்றி. பார லொறிகளுக்கான தேசியச் சட்டத்தை 2012இல் குயின்ஸ்லாந்து முதலில் நிறைவேற்ற, மற்ற மாநிலங்கள் அதையே தங்கள் சட்டமாக ஏற்று 2014இல் நடைமுறைப்படுத்தின. மேற்கு அவுஸ்திரேலியாவும் வட பிரதேசமும் சேரவில்லை. சட்டத்தின் பெயரில் மட்டும் 'தேசிய' என்ற சொல் அப்படியே இருக்கிறது.

இது மெதுவான வழி. ஆனால் கட்டாயப்படுத்த முடியாத நாட்டில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சிட்னி–மெல்பேர்ன் ரயில் ஆல்பரியில் வண்டி மாறாமல் ஓடத் தொடங்கியது 1962இல், அதுவும் செலவின் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்ற பிறகு. சிட்னி–பேர்த் 1970இல். மெல்பேர்ன்–அடிலேய்ட் 1995இல். எல் பிளேட்டில் எத்தனை மணிநேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை: விக்டோரியாவில் 120, குயின்ஸ்லாந்தில் 100, தென் அவுஸ்திரேலியாவில் 75. இளம் சாரதிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இந்தக் கணக்கில் மூன்றும் சரியாக இருக்க முடியாது. அந்த அமைச்சர்கள் கூடும் மேசையில் முதலில் வைக்க வேண்டியது இதுதான் என்பேன்.

மெல்பேர்ன்காரருக்கு ஒன்று: அடுத்த முறை டண்டினோங் ரயிலில் ஏறும்போது கீழே பாருங்கள். அது இன்னமும் 5 அடி 3 அங்குலம்.