நாலு வயதில் பார்க்க வேண்டிய கண்



போன வாரம் எங்கள் ஆயக்குடி அங்கன்வாடிக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்திருந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு நானும் போனேன். குழந்தைகளின் ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைச் சோதித்தார்கள். எனக்கு 1987 நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். கண் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்கள் எங்களிடம் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் ஆங்கில 'ஈ' எழுத்து நாலு பக்கமும் திரும்பி இருக்கும். அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும், எழுத்து தெரிய வேண்டியதில்லை. பள்ளித் திண்ணையில் இருபதடி அளந்து கோடு போட்டேன்.

வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை வந்து நின்றாள். வலது கண்ணை மறைத்ததும், "சார், அட்டையே மங்கலா இருக்கு" என்றாள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாளாம். முகாம் டாக்டர் பார்த்துவிட்டு, "நாலஞ்சு வயசுல வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம் சார். இனி கஷ்டம்" என்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் கண்ணெதிரே படித்த பிள்ளை அவள்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பார்வை அட்டையை 1862இல் உருவாக்கியவர் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன். நம் நாட்டில் குழந்தைகளின் கண்ணுக்குப் பெரிய எதிரியாக இருந்தது வைட்டமின் ஏ குறைபாடு. மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழியையே அழித்துவிடும். 1970இல் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் திட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி சத்துணவு மையம் அமைத்து, தாய்மார்களுக்குக் கீரையின் அருமையைச் சொல்லிக்கொடுத்தார். அவரே 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே ஆண்டில் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் வந்தது. 2009இல் தமிழக அரசின் 'கண்ணொளி காப்போம்' திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தந்தது.

எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் பள்ளி வயதுப் பரிசோதனை சிலருக்குத் தாமதம். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கப் பழகிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, சிறு வயதில் பயன்படாத கண்ணை மூளை கைவிட்டுவிடுவதை ஹியூபெல், வீசல் இருவரும் காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். என் மாணவிக்கு நடந்ததும் அதுதான்.

2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை குழு வர வேண்டும். அட்டை பிறந்து 151 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஏற்பாடு இது. சீக்கிரம் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மறைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுத்தே பெரும்பாலும் தேற்றிவிடலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் விளையாட்டாக ஒவ்வொரு கண்ணையும் மறைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மறைக்கும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைதானே என்று இருந்துவிடாதீர்கள். நான் இருந்துவிட்டேன்.