ஒரு கிலோமீட்டர் வட்டமும் வீட்டுமனையும்: காவிரிப் படுகையில் பள்ளியும் குடியிருப்பும்

பள்ளிக்கும் வீட்டு விலைக்கும் உள்ள தொடர்பை அளந்த ஆய்வுகளில் சாண்ட்ரா பிளாக் 1999இல் பாஸ்டன் புறநகர்களைப் பற்றி வெளியிட்டது முன்னோடி எனலாம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை அங்கே நிர்வாகம் கோடு போட்டு வைத்திருக்கிறது. கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால் வீட்டுக்கு 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கப் பெற்றோர் முன்வருவது தெரிந்தது. சிங்கப்பூரிலும் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் 1 கி.மீ.க்குள் வசிப்போருக்கே முன்னுரிமை.

தஞ்சாவூரில் இப்படி ஒரு கோடு கிடையாது. ஒரத்தநாட்டுப் பிள்ளை தஞ்சை நகரின் அரசுப் பள்ளியில் சேரத் தடையில்லை. தனியார் பள்ளியோ கட்டணம் கட்டுபவரின் முகவரியைப் பார்த்து இடம் தருவதில்லை. முகவரி தலையெழுத்தாக மாறுவது ஒரே இடத்தில்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அருகமையில் வாழும் நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். அருகமை என்பதற்குத் தமிழ்நாட்டின் 2011 விதிகள் தொடக்க வகுப்புகளுக்கு வகுத்த எல்லை 1 கி.மீ. ரேஷன் கார்டில் உள்ள முகவரி அந்த வட்டத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் விலக்களித்துவிட்டதால், பழமையான கிறித்தவப் பள்ளிகள் நிறைந்த தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இந்த வட்டங்கள் மேலும் குறைகின்றன.

வசதியுள்ள குடும்பம் வீடு தேடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நகரின் தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம், நாஞ்சிக்கோட்டை, மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் செம்மண் மேடு. மற்ற திசைகளில் நஞ்சை. அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, மனை விளம்பரங்களில் ‘டி.டி.சி.பி. அப்ரூவல்’ முன்னால் வந்தது. அதற்கு அடுத்த வரி பெரும்பாலும் பள்ளியைப் பற்றியது: இத்தனை நிமிடத்தில் மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி, வாசல்வரை வேன். கிராமத்து நிலத்தை ஒத்திக்கோ குத்தகைக்கோ விட்டு, பிள்ளை படிப்பு முடியும்வரை நகரில் இருக்க வருகிறவர்களுக்கான வரி அது.

அரசு கோடு போடாத இடத்தில் சந்தை கோடு போட்டுக்கொள்கிறது என்பதே என் வாதம். பணம் உள்ள இடத்தில் தனியார் பள்ளி வருகிறது. பள்ளி உள்ள இடத்தில் மனை விலை ஏறுகிறது. ஏறிய விலை ஏழையை 1 கி.மீ.க்கு வெளியே தள்ளுகிறது. இலவச இடத்துக்கு உரியவர் என்று சட்டம் சொல்லும் கூலிக் குடும்பம், வயலைத் தாண்டி ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனித்தெருவில் இருக்கிறது. அதன் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளி மட்டுமே. நலிவுற்ற பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்கோ அந்த வரம்பு இல்லை. ஆக, வட்டத்துக்குள் மனை வாங்க முடிந்தவரும் அதே குலுக்கலில் நிற்கிறார்.

இந்த 1 கி.மீ. எல்லையை விரிக்கச் சொன்னால், சின்னஞ்சிறு குழந்தையைத் தொலைவுக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலை ஏழரை மணிக்குத் திருவையாறு சாலையில் நின்றால், அதே வயதுப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையுடன் வேனில் போவதைக் காணலாம். கட்டணம் கட்டுபவருக்குத் தடையாகாத தொலைவு கட்ட முடியாதவருக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்?

கோத்தாரி குழு (1964–66) பரிந்துரைத்த அருகமைப் பள்ளியின் நோக்கம், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்வது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட நாம் நோக்கத்தை விட்டுவிட்டோம். காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது 2023 ஆகஸ்டில், இதே படுகையின் திருக்குவளையில். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கிராமத்துப் பள்ளியின் பக்கம் குடும்பங்களை இழுக்கும் நடவடிக்கைகள் இவை. வலுப்படுத்த வேண்டியவையும் இவையே. அதுவரை, டெல்லியில் 1, 3, 6 கி.மீ. எனப் படிப்படியாக முன்னுரிமை விரிவதுபோல இங்கும் எல்லையை விரித்து, அந்த 25 விழுக்காட்டுப் பிள்ளைகளின் வேன் செலவையும் தமிழ்நாடு அரசு ஏற்க வேண்டும்.