நேரம் குறித்த பணிகளும் அணுகல் உரிமையும்: திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களின் வணிக மென்பொருளில்

வணிக மென்பொருளில் குறித்த நாளில், குறித்த மணிக்கு, எவரும் கணினிமுன் அமராமலேயே ஓடி முடியும் வேலை நேரம் குறித்த பணி எனப்படும். அப்பணியை யார் உருவாக்கலாம், யார் திருத்தலாம், யார் நிறுத்தலாம், அதன் விளைவை யார் பார்க்கலாம் என்பவற்றோடு, அது எந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும் என்பதையும் வரையறுப்பதே அதன் அணுகல் உரிமை மேலாண்மை ஆகும். இவற்றுள் இறுதியாகச் சொன்னதே பெரும்பாலும் தற்செயலுக்கு விடப்படுகிறது. கோளாறுகள் பிறப்பதும் அங்கேதான்.

திருப்பூரில் பனியன் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எனப் பல கை மாறிய பிறகே கட்டிங் மேசைக்கு வருகிறது. இவற்றுட் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்காக நடப்பதால், எவ்வளவு நூல் போயிற்று, எவ்வளவு துணி திரும்பிற்று, எவ்வளவு கழிவாயிற்று என்னும் கணக்கு ஒரே இடத்தில் உருவாவதில்லை. பகலெல்லாம் டெலிவரி சலான்களாகப் பதிவாகும் இவ்விவரங்களை இரவில் ஒன்று சேர்த்து இருப்பைக் கணக்கிடுவது நேரம் குறித்த பணிக்கு நல்ல எடுத்துக்காட்டு. கைரேகைக் கருவியிலிருந்து வருகைப் பதிவை எடுத்துக்கொள்வது, மாதத் தொடக்கத்தில் நூற்பாலைகள் அறிவிக்கும் புதிய நூல் விலையைச் செலவுக் கணிப்பில் ஏற்றுவது, ஜி.எஸ்.டி.க்கான மின்விலைப்பட்டியல்களை அரசுத் தளத்துக்கு அனுப்புவது, காப்புநகல் எடுப்பது ஆகியவையும் இவ்வகையின.

இவற்றுள் கூலிக் கணக்கே மிகவும் நுட்பமானது. சனிக்கிழமைச் சம்பளம் இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட் என்றும், காலை எட்டரைக்கு வந்தவர் இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட் என்றும் கொள்ளப்படும். டெய்லர், செக்கிங், அயர்ன், கைமடி எனப்படும் உதவி வேலை என ஒவ்வொன்றுக்கும் கூலி வேறு. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் தைத்த எண்ணிக்கையே கணக்கு. ஆகவே சனிக்கிழமை விடியுமுன் ஓடும்படி அமைக்கப்பட்ட கூலிப் பணி ஒன்று வருகைப் பதிவு, பீஸ் எண்ணிக்கை, கூலி விகிதம் ஆகிய மூன்று அட்டவணைகளையும் படித்து, வங்கிக்கு அனுப்ப வேண்டிய கோப்பை உருவாக்கும். பணியில் பிழையே இல்லாவிட்டாலும், விகித அட்டவணையை வெள்ளி இரவு மாற்றும் உரிமையும் பணியைக் குறித்த நேரத்துக்கு முன்னரே ஓட்டும் உரிமையும் ஒருவரிடமே இருந்தால், அவர் ஒரு பிரிவினருக்குக் கூடுதல் கூலி கணக்கிடச் செய்து, கோப்பு உருவானதும் விகிதத்தைப் பழையபடி ஆக்கிவிட முடியும். திங்கட்கிழமை அட்டவணையைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. எனவே விகிதத்தை மேலாளரும், வருகைத் திருத்தத்தை டைம் ஆபீசும், பணியின் நேரத்தைக் கணினிப் பிரிவும், வங்கிக் கோப்பின் ஒப்புதலைக் கணக்குப் பிரிவும் வைத்துக்கொள்வது பொறுப்புப் பிரிப்பு எனப்படுகிறது.

பணி எவர் பெயரில் ஓடுகிறது என்பது இதைவிட ஆழமான சிக்கல். உரிமையாளரின் லாகினில் எந்தத் தடையும் வராது என்பதால், மென்பொருளை நிறுவ வருபவர் எல்லாப் பணிகளையும் அதன் பெயரிலேயே அமைத்துவிட்டுப் போவதுண்டு. அப்பணி செய்ய வேண்டியதை எழுதி வைத்த நிரலைத் திருத்த முடிந்தவர், உரிமையாளரின் கடவுச்சொல்லை அறியாமலேயே அவருக்குரிய எல்லா அதிகாரமும் பெற்றவராகிறார். தன்னைவிடக் குறைந்த உரிமையுள்ளவரின் ஏவலுக்கு நிரல் ஒன்று தன் உரிமையைப் பயன்படுத்திவிடும் இதையொத்த நிலையை நார்ம் ஹார்டி 1988இல் 'குழம்பிய பிரதிநிதி' என்று பெயரிட்டு விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் பயனருக்கும் வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே உரிமை வேண்டும் என்னும் மிகக்குறைந்த உரிமைக் கோட்பாட்டை சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே வகுத்திருந்தனர்.

மென்பொருள்கள் இதைக் கையாளும் முறை வேறுபடுகிறது. எஸ்.ஏ.பி.யில் பணியைப் பதிவதும் அதை ஓட விடுவிப்பதும் தனித்தனி உரிமைகள். விடுவிக்கும் உரிமை இல்லாதவர் பதிந்த பணி, உரிமையுள்ளவர் விடுவிக்கும்வரை காத்திருக்கும். பிறர் பெயரில் பணியை ஓட்டுவதற்கும் அங்கே தனி இசைவு வேண்டும். மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரலில் பணியைத் தயார் நிலைக்குக் கொண்டுவந்த பயனரின் உரிமைகளோடு அது ஓடும். அவருடைய கணக்கு முடக்கப்பட்டால் பணி தோல்வியுறும்.

பணி எவர் பெயரில் ஓடுகிறது என்பது இந்திய நிறுவனங்களுக்குச் சட்டக் கேள்வியும் ஆகும். கம்பெனிகள் சட்டத்தின்கீழ் வரும் கணக்கு விதிகளின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதியவேண்டும்; அப்பதிவை முடக்க இயலாதிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பணி செய்த திருத்தமும் அதில் ஏறும், ஆனால் அப்போது உறங்கிக்கொண்டிருந்த உரிமையாளரின் பெயரில். அத்தகைய பதிவு எதையும் மெய்ப்பிக்காது. இவ்விதி கம்பெனிகளுக்கே உரியது என்பதால், திருப்பூரில் மிகுதியாக உள்ள கூட்டாண்மை நிறுவனங்களும் தனியாள் நிறுவனங்களும் இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன; ஆயினும் கூலித் தகராறில் அவற்றுக்கும் இத்தகைய மாற்றப் பதிவு தேவைப்படுகிறது.

பணி ஒரு மனிதரின் பெயரில் ஓடும் சிக்கலுக்குச் சேவைக் கணக்கு தீர்வாகச் சொல்லப்படுகிறது. மனிதர் எவரும் உள்நுழைய முடியாத, ஒரே பணிக்கென ஒதுக்கப்பட்ட பயனர் பெயர் அது. கூலிப் பணிக்கான சேவைக் கணக்கு மூன்று அட்டவணைகளைப் படிக்கலாம், ஒரு கோப்பை எழுதலாம், வேறொன்றும் செய்ய இயலாது. இது இல்லாத இடத்தில், வேலையை விட்டுப் போன கணினிப் பணியாளரின் லாகினை மூடினால் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுவிடுமோ என்னும் அச்சத்தால், அது மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். இரண்டே பேர் அலுவலகத்தைப் பார்க்கும் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டில் முழுப் பொறுப்புப் பிரிப்பு நடவாது. அங்கே அவ்வாரத்து விகித மாற்றங்களின் பட்டியலைக் கூலிக் கோப்போடு அச்சிட்டு, பணம் அனுப்புமுன் முதலாளி கையெழுத்திடுவதே ஏற்ற மாற்று.